விளைமீன் பார்சலும் ஒரு பிஸ்ரலும்

இக்காஸ்ட்,
திங்கட்கிழமை பின்னேரம்.

என்றும் மதிப்புக்கும் மரியாதைக்கும் உரிய சிவபாலன் மாமா அவர்களுக்கு,

றொபேட், லூர்தம்மா ஆகியோரின் மகன் றொனிஷன் வணக்கம் சொல்லி எழுதிக்கொள்வது. நாங்கள் இங்கே சுகம். ஹோர்சன்சில் நீங்களும் தங்கமலர் மாமியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறோம். இதைச் சும்மா வழக்கத்துக்கு எழுதவில்லை மாமா, உண்மையாகவே நம்புகிறோம்.

நேற்று மத்தியானம் நீங்கள் போன் எடுத்து, அக்காவினதும் உங்கள் மகன் கஜன் அத்தானினதும் கலியாணத்தைச் சேர்ச்சிலேயே வைக்கலாம் என்று சொன்ன நேரத்திலிருந்து எங்கள் வீட்டில் எல்லாருக்கும் மூச்சு ஒழுங்காக வருகிறது. அம்மா பாடிக்கொண்டு அரிசி கழுவுகிறா. வாசல் மணி அடித்தால் அப்பா திரைச்சீலைக்குப் பின்னால் போய் நிற்பதை விட்டுவிட்டு நேரே போய்க் கதவைத் திறக்கிறார். நானும் ஒரு கிழமைக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டேன். சுஜாந்தினி அக்காவுக்கு மட்டும் சந்தோசமில்லை. அவதான் எனக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு இருந்துகொண்டு, "எழுதடா. ஒழுங்கான தமிழில எழுது, ஒண்டையும் விடாத" என்று இதை எழுதுவிக்கிறா. நாளைக்கு ஹோர்சன்சுக்கு வேலைக்கு வரும்போது அவவே உங்கள் கையில் தருவா.

நேரே விசயத்துக்கு வருகிறேன். எட்டு நாளைக்கு முதல், ஞாயிற்றுக்கிழமை, நீங்கள் எங்கள் வீட்டிலிருந்து கொண்டுபோன மீன் பார்சலுக்குள் இருந்த பிஸ்ரல் உங்களை வெருட்டுவதற்கு வைத்ததல்ல. அது என்னுடையது. விளையாட்டுச் சாமான். அது எப்படி மீனுக்குள் போனது என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நான் ஓல்போர்க்கில் படிப்பை விட்டது உங்களுக்குத் தெரியும். நீங்கள் வந்த அன்று அப்பா அதை ஒரு 'இடைவெளி' என்று சொன்னவர். அந்த இடைவெளிக்கு அந்தப் பக்கம் ஒன்றும் இல்லை மாமா. ஒரு இடத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருக்க எனக்கு ஏலாது. இப்போது ஒரு களஞ்சியத்தில் பெட்டி ஏற்றுகிறேன். பெட்டி கேள்வி கேட்காது, எனக்குப் பிடித்திருக்கிறது. முதலில் ஆமிக்குப் போகத்தான் ஆசைப்பட்டேன். இங்கே டென்மார்க்கில் ஆமிக்கு ஆள் எடுக்கப் பதினெட்டு வயதில் கூப்பிட்டு உருளைக்குள் கைவிட்டு இலக்கம் எடுக்கச் சொல்வார்களே, அன்று காலை முழுக்க அம்மா மடுமாதா படத்துக்கு முன்னால் முழங்காலில் நின்றா. எனக்கு வந்தது போகத் தேவையில்லாத பெரிய இலக்கம். விருப்பமென்றால் பிறகும் போகலாம்தான். ஆனால் அம்மா மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்தி நன்றி சொல்லி முடித்த பிறகு, அதைத் திருப்பி எடுங்கோ என்று மாதாவிடம் கேட்க எனக்கு முகமில்லை. "ஆமியிட்ட இருந்து ஓடித்தானே இஞ்ச வந்தனாங்கள். நீ என்னெண்டா கியூவில நிண்டு ஆமிக்குள்ள போகப் பாக்கிறாய்" என்று அப்பாவும் சொல்லிவிட்டார்.

அதனால் வேலையிடத்து டெனிஷ் பெடியளோடு சனிக்கிழமைகளில் காட்டுக்குப் போகத் தொடங்கினேன். ஹார்ட்போல் என்று ஒரு விளையாட்டு. ஆமி உடுப்புப் போட்டுக்கொண்டு, பார்த்தால் உண்மை போலவே இருக்கிற துவக்கால் வெள்ளைப் பிளாஸ்ரிக் குண்டு சுடுவது. பட்டால் நுளம்பு கடித்த மாதிரி இருக்கும். ஆனால் சொந்தத் துவக்கு இல்லாதவனுக்கு அங்கே ஒரே ஒரு வேலைதான் கொடுப்பார்கள்: காயப்பட்டுச் சாகிற ஆள். கிழமைக்குக் கிழமை என்னைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். நான் அனுங்க வேண்டும். ஒரு சனிக்கிழமை நல்ல மழை, என்னை ஒரு பைன் மரத்தடியில் காயப்படுத்தி வைத்துவிட்டு, விளையாட்டு முடிந்ததும் மறந்துபோய் எல்லாரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள். அன்றைக்குத்தான் முடிவெடுத்தேன். ஓல்போர்க்கில் என்னுடைய அறையைக் காலிபண்ணப் போன நேரம், அங்கே இந்தச் சாமான் விற்கிற ஒரு கடைக்குள் போனேன். கடைக்காரர் வயதைப் பார்த்தார், பிறகு ஒரு பெட்டியைத் திறந்தார். மாமா, உங்களுக்குச் சொல்லலாம், வடிவான சாமான். இங்கத்தை ஆமிக்காரர் இடுப்பில் கட்டுகிற பிஸ்ரல் மாதிரியே அச்சொட்டாக, இரும்பு மேல்மூடி, கையில் அதே பாரம். "எதற்கு வாங்குகிறாய்?" என்று கேட்டார். "இனிமேல் சாக விருப்பமில்லை" என்றேன். அவருக்கு விளங்கியது. வெளியில் கொண்டுபோனால் ஒருத்தர் கண்ணிலும் படாமல் சுற்றி மூடித்தான் கொண்டுபோக வேண்டும் என்று சொன்னார். கறுப்பு நிறம் முடிந்துவிட்டது, வந்ததும் வீட்டுக்கு அனுப்புகிறேன் என்றார். ஓல்போர்க்கிலிருந்து நான் ஒருநாள் சேர்ட்டிபிக்கற்றோடு வருவேன் என்று அம்மா சாமிப்படத்துக்குப் பக்கத்தில் ஒரு ஆணி அடித்து வைத்திருந்தவ. வந்தது இது.

எங்கள் வீட்டுக்கு வருகிற பார்சல், யாருடைய பெயர் இருந்தாலும், அம்மாவுடையது. அவ அந்த நேரம் லண்டனிலிருந்து ஒரு இடியப்ப உரலுக்கு ஓடர் பண்ணியிருந்தா. நான் வேலையில், போன் லொக்கருக்குள். உரல்தான் என்று நினைத்து வெட்டித் திறந்திருக்கிறா. கத்தவில்லை. இரவுவேலைச் சிவ்ற் முடித்து வந்து படுத்திருந்த அப்பாவைப் போய் எழுப்பியிருக்கிறா. அப்பா சாரத்தோடு குசினிக்கு வந்து மேசையைப் பார்த்தார். பார்த்தவுடன் பேர்ஸை எடுத்து, அதற்குள் இருந்த மஞ்சள் ஹெல்த் காட்டை உருவி, ஊரில் ஆமிச் செக்பொயின்றில் அடையாள அட்டை காட்டுகிற மாதிரி நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றாராம். அந்தக் காட்டில் அவருடைய டொக்டரின் பெயரும் ரெலிபோன் இலக்கமும்தான் இருக்கிறது.

"என்னப்பா செய்யிறியள்?" என்று அம்மா கேட்டிருக்கிறா.

"எனக்கென்னெண்டு தெரியும்? கை தானா எடுத்திட்டுது."

"பெட்டியில றொனிஷன்ர பேர் கிடக்கு."

"ஏதோ கோஷ்டியில சேந்திட்டான். வளவுக்குள்ள தாப்பமே?"

"வளவைத்தான் முதல் கிண்டுவாங்கள். மீன் பெட்டிக்குள்ள ஒருத்தனும் கைவிடான்."

அம்மா பேசாலைக் கரையில் பிறந்து வளர்ந்தவ, அவவுக்கு இதெல்லாம் தெரியும். சுப்பர்மார்க்கற் விளம்பரத்தாளில் சுற்றி, அதுக்கு மேல் வெள்ளித்தாளில் சுற்றி, பையில் போட்டு முடிந்து, "விளை எண்டு எழுதி பிறீசருக்குள்ள வையுங்கோ" என்று அப்பாவிடம் கொடுத்துவிட்டு, கை கழுவிக்கொண்டு செபமாலை எடுக்கப் போய்விட்டா. சட்டப்படி பார்த்தால் அவ செய்தது முழுக்கச் சரி. கடைக்காரர் கூட அப்படிச் சுற்றியிருக்க மாட்டார்.

என்னிடம் ஒருத்தரும் ஒன்றும் கேட்கவில்லை. அந்த ஞாயிறு நீங்கள் வருகிறீர்கள், அதுவரை வீட்டில் சத்தம் வரக்கூடாது என்று இரண்டு பேரும் பேசி வைத்திருக்கிறார்கள். நான் பார்சல்காரருக்குப் போன் எடுத்துச் சண்டை பிடித்தேன். கொடுத்தாயிற்று என்றார்கள். "அம்மா, எனக்கொரு பார்சல் வந்ததோ?" என்று கேட்டால், "இல்லை" என்று சட்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னா.

பிறகு நீங்களும் மாமியும் வந்தீர்கள். நடந்தது உங்களுக்குத் தெரியும். "மணவறை இல்லாம எங்கட பக்கத்தில ஒரு கலியாணம் நடக்கேல்லை" என்று நீங்கள் சொன்னீர்கள். "ஞானஸ்நானம் குடுத்த இடத்திலதான் பிள்ளைக்கு நாங்கள் கலியாணம் செய்யிறது" என்று அம்மா சொன்னா. அதற்குப் பிறகு எல்லாரும் தேத்தண்ணியோடு வைத்த ரோல்ஸைப் பற்றிக் கதைத்தோம். வெளிக்கிடும்போது, "யோசிச்சுச் சொல்லுறம். சொல்லுற வரைக்கும் பிள்ளையள் ரெண்டும் போனில கதைக்காம இருக்கட்டும்" என்றீர்கள். அப்பா வெளியே நின்று உங்கள் காரைப் பின்னுக்கு எடுக்கக் கை காட்டிக்கொண்டிருந்த நேரம், அம்மா பிறீசரைத் திறந்து கூல்பொக்சை நிரப்பினா. அடியில் ஏதோ மரக்கறி, மேலே நண்டு, இறால், விளை. பொம்பிளை கேட்டு வந்தவர்கள் வெறுங்கையோடு போகக்கூடாதாம். சம்மதம் இல்லாவிட்டாலும் மீன் போகவேண்டும்.

அடுத்த நாள் அப்பாவுக்குப் பொறுக்க ஏலாமல் போய்விட்டது. நான் சப்பாத்துக் கழட்ட முதல் கேட்டார்: "ஆரடா நீ?"

"என்னப்பா?"

"உன்ர சாமான் எங்களிட்டத்தான் கிடக்கு. ஆரைச் சுடப் போறாய்?"

நான் போனை எடுத்து, காட்டில் பெடியள் விளையாடுகிற வீடியோவைப் போட்டுக் காட்டினேன். என்னைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற இடம் வந்ததும் அம்மா, "ஐயோ, இது இவனெல்லே" என்று சிரித்துவிட்டா. அப்பா கதிரையில் இருந்து முகத்தை இரண்டு கையாலும் தடவினார். "விளையாட்டுச் சாமானுக்கோ நாங்கள் இவ்வளவு செபம் சொன்னது" என்று அம்மா எழும்பிப் போய்ப் பிறீசரைத் திறந்தா. விளை என்று எழுதியிருந்த பையெல்லாவற்றையும் வெளியில் எடுத்தோம். ஒவ்வொன்றாக அவிழ்த்தோம். மீன். மீன். மீன். கடைசிப் பையும் மீன். அம்மா அரிசி மூட்டையில் மெல்ல இருந்தா.

"நேற்றுச் சிவபாலண்ணைக்கு ஒரு விளை குடுத்தனானெல்லே" என்றா.

மாமா, அந்தக் கிழமை எங்கள் வீடு இருந்த நிலையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கலியாணத்துக்கு ஓம் சொல்லாத வீட்டுக்கு, மறுமொழி வர முதல், மீனோடு மீனாகப் பிஸ்ரல் அனுப்பியிருக்கிறோம். "பொலிசுக்கு அடிச்சிருப்பார்" என்று அப்பா. "அவையின்ர மீன் கறி குழம்பிப்போகுமே" என்று அம்மா. வேலையில் நின்ற அக்காவுக்குப் போனில் சொன்னோம். உடனே டெனிஷில் தொடங்கினா. அக்கா டெனிஷில் ஏசினால் உண்மையாகவே கோபம் என்று அர்த்தம். உங்களுக்குப் போன் எடுத்து, "அண்ணை, மீனைக் கரைய விடாதேங்கோ, உள்ளுக்குத் துவக்கு" என்று சொல்ல ஒருத்தருக்கும் வாய் வரவில்லை. என்னைத்தான் அனுப்பினார்கள், எடுத்துக்கொண்டு வா என்று.

அன்றைக்கு நான் ஹோர்சன்சில் உங்கள் வீட்டு வாசலில் நின்று, "சும்மா இந்தப் பக்கம் வந்தனான்" என்று சொன்னேனே, அது பொய். நீங்கள் புல்லு வெட்டிக்கொண்டு நின்றீர்கள். மெசினை நிற்பாட்டிவிட்டு, "வாரும் தம்பி, தேத்தண்ணி குடியும்" என்று உள்ளே கூட்டிக்கொண்டு போனீர்கள். மாமி தட்டில் பருத்தித்துறை வடை கொண்டுவந்து வைத்தா. நான் கேட்டேன்:

"மாமி, அந்த மீன் சமைச்சிட்டியளோ?"

"இன்னும் இல்லைத் தம்பி. ஞாயிறு கூழ் காய்ச்சுவம் எண்டு கறாஜில பெரிய பிறீசருக்குள்ள வைச்சிருக்கு. ஏன்?"

"சும்மா கேட்டனான். அம்மா கேக்கச் சொன்னவ."

"அம்மா மீனைப் பற்றிக் கேக்கச் சொல்லி இக்காஸ்டில இருந்து விட்டவவோ?"

நான் வடை ஒன்றை வாய்க்குள் அடைத்தேன். தண்ணிக்கு ஐஸ் எடுக்கிறேன் என்று எழும்பிக் கார் விடுகிற கறாஜுக்குப் போனேன். பிறீசரின் மூடியைத் தூக்கித் தலையை உள்ளே விட்ட நேரம் பின்னால் உங்களுடைய குரல்.

"என்ன தம்பி தேடுறீர்?"

"ஐஸ், மாமா."

"ஐஸ் குசினிக்குள்ள இருக்கு. தேத்தண்ணிக்கும் ஐஸ் போட்டோ குடிக்கிறனீர்?"

ஓம் என்றேன். நீங்களும் போட்டுக் கொடுத்தீர்கள். நானும் குடித்தேன். அந்தத் தேத்தண்ணியின் குளிர் றெயினில் இக்காஸ்ட் வந்து சேரும் வரைக்கும் நெஞ்சுக்குள் நின்றது.

நேற்று மத்தியானம் உங்கள் போன் வந்தபோது அப்பாதான் எடுத்தார். சத்தமாகப் போட்டார், எல்லாரும் கேட்டோம். நீங்கள் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது: "றொபேட்டண்ணை, பார்சலைப் பிரிச்சுப் பாத்தனாங்கள். நீங்கள் இவ்வளவு தூரத்துக்கு யோசிப்பியள் எண்டு நாங்கள் நினைக்கேல்லை. இனி நாங்கள் கதைக்க ஒண்டுமில்லை. சேர்ச்சிலயே வையுங்கோ."

அப்பா, "சரி அண்ணை, சரி, சரி" என்று சொல்லிக்கொண்டே போனை வைத்தார். ஒருத்தரும் மற்றவர் முகத்தைப் பார்க்கவில்லை. பிறகு அம்மா எழும்பிப் போய் மெழுகுதிரி கொளுத்தினா. பொலிஸ் வரவில்லை, சம்பந்தம் முறியவில்லை, ஓமும் வந்துவிட்டது. அப்பா முதலில் பயந்தார், பிறகு வெட்கப்பட்டார், பின்னேரமானதும், "என்ன இருந்தாலும் நல்ல மனிசன்" என்று உங்களைப் பற்றிச் சொன்னார்.

அக்கா இப்போது குளிக்கப் போயிட்டா மாமா, இனி என்ர தமிழில எழுதுறன். அவ நேற்று முழுக்க ஒண்டும் சாப்பிடேல்லை. கஜன் அத்தானுக்கு இன்னும் ஒரு மெசேஜ்கூடப் போடேல்லை. நான் போய், "ஏனக்கா, ஓம் எண்டு சொல்லிப்போட்டினமே, பிறகென்ன மூஞ்சை?" எண்டு கேட்டன். அதுக்கு அவ சொன்னா, "பயந்து சொன்ன ஓம் எனக்கு வேண்டாம். நான் அந்த வீட்டுக்கு மருமகளாப் போறன். வாழ்நாள் முழுக்க அந்த மனிசன் என்னைக் காணேக்கை பிஸ்ரலையோ நினைக்கிறது? அவருக்கு உண்மை தெரியவேணும். தெரிஞ்ச பிறகும் ஓம் எண்டாத்தான் கலியாணம். இல்லையெண்டா இல்லை." சொல்லிப்போட்டுப் போனைக் கவிட்டு வைச்சா. நான் எல்லாத்தையும் பாதியில விட்டவன், அவ ஒண்டையும் விட்டதில்லை. கஜன் அத்தானை விடவேண்டி வந்தா அது என்ர ஒரு விளையாட்டுச் சாமானாலதான்.

அதாலை மாமா, உங்கட ஓமை நான் இதோட திருப்பித் தாறன். உங்களை ஒருத்தரும் வெருட்டேல்லை. எங்கட வீட்டில வெருட்டக்கூடிய ஆக்கள் ஒருத்தரும் இல்லை. நீங்கள் பாத்த ஆக்கள்தான். இப்ப திருப்பியும் ஆறுதலா யோசிச்சு, மணவறைதான் வேணுமெண்டா அதைச் சொல்லுங்கோ. ஆனா அக்காவை வேண்டாம் எண்டு மட்டும் சொல்லாதேங்கோ. அவ நல்லவ. ஏசுறது டெனிஷில, அதுவும் உங்களுக்குப் பெரிசா விளங்காது. பிஸ்ரலை அக்காவிட்டக் குடுத்துவிட்டாப் போதும், சுத்திக் குடுங்கோ, திறந்து கொண்டு திரியக்கூடாது. இதை எழுதினாப் பிறகு எனக்கு நெஞ்சுக்குள்ள இருந்த அந்த ஐஸ் தேத்தண்ணியும் கரைஞ்ச மாதிரிக் கிடக்கு. நீங்கள் ஏசினாலும் பரவாயில்லை, வந்து நேர ஏசுங்கோ.

மாமிக்கு எங்கள் எல்லோருடைய அன்பையும் சொல்லவும். வடைக்கு நன்றி. உங்கள் இருவருடைய காலிலும் விழுந்து ஆசீர் கேட்கிறேன், நேரில் வரும்போது உண்மையாகவே விழுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் மருமகளாக வர இருப்பவவின் தம்பி,
றொனிஷன்

பி.கு: மாமா, மேல எழுதினதெல்லாம் பிழை. இப்ப உறை ஒட்டப்போற நேரம், அம்மா அப்பாவுக்கு ரத்தத்தில சீனி கூடிப்போச்செண்டு பிறீசரில இருந்து பாகற்காய் பையை எடுத்து சிங்குக்குள்ள போட்டவ. விழுந்த சத்தம் பாகற்காயின்ர சத்தமில்லை. எல்லாரும் ஓடிப்போய்ப் பாத்தம். வெள்ளித்தாள் கிழிஞ்சு பிஸ்ரலின்ர மூக்கு வெளியில தெரியுது. அப்பா திரும்பவும் மஞ்சள் காட்டை எடுத்திட்டார்.

"விளை எண்டெல்லோ எழுதச் சொன்னனான்" எண்டு அம்மா.

"விளை எண்டா நீ மறந்துபோய்ச் சமைச்சுப்போடுவாய். பாகற்காயை இந்த வீட்டில ஒருத்தரும் தொடமாட்டினம் எண்டு அப்பிடி எழுதினனான்."

"பிறகேன் ஒரு கிழமையா வாய் திறக்கேல்லை?"

"நீ குடுத்திட்டன் எண்டாய். நீ சொன்னா நான் பாக்கிறேல்லை."

அப்ப உங்களுக்கு வந்தது உண்மையான விளைமீன். அக்கா உடன கஜன் அத்தானுக்குப் போன் எடுத்தா. அவர் சொல்லுறார், நீங்கள் நேற்றுக் கூழுக்கெண்டு கூல்பொக்சில வந்த பையெல்லாம் பிரிக்கேக்கை, ஆக அடியில தனியா மூடின ஒரு புதுப்பெட்டியில முருங்கைக்காயும் பயித்தங்காயும் இருந்ததாம், மேல அம்மாவின்ர கையெழுத்தில 'வெள்ளிக்கு. மீன் படேல்லை' எண்டு இருந்ததாம். மாமி அதை உங்களுக்குக் காட்ட, நீங்கள் அதை ரெண்டு மூண்டு தரம் வாசிச்சிட்டுத்தான் போனை எடுத்தனீங்களாம். அம்மாவிட்டச் சொன்னம். "அதுக்கென்ன? வெள்ளியில அவை மீன் தொடாயினம், அதுக்காகப் பட்டினியே கிடக்கிறது?" எண்டு கேட்டுக்கொண்டு பாகற்காய் தேடப் போயிட்டா.

ஆகவே திருப்பித் தந்த ஓமை நான் திருப்பி எடுக்கிறன். கடிதத்தைக் கிழிக்கத்தான் பாத்தன், அக்கா பறிச்சுப்போட்டா. "குடுக்கத்தான் போறன்" எண்டுறா, ஒரு கிழமைக்குப் பிறகு சிரிச்சுக்கொண்டு. "எப்பிடிப்பட்ட வீட்டில சம்பந்தம் வைக்கினம் எண்டு அவைக்கு முதலே தெரியட்டும்." பிஸ்ரல் இப்ப குசினி யன்னலில தண்ணி வடிய வடியக் காயுது, சனிக்கிழமை நான் சாகமாட்டன். கறாஜுக்குள்ள நான் ஐஸ் தேடின கதையை மட்டும் மாமிக்குச் சொல்லாதேங்கோ.